மால் ஓ கேர்

— அந்தப் பெட்டியையே பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. நர்ஸ் சொன்னவதானே, இதயத்துடிப்பு இப்ப ஒழுங்கா ஓடுதெண்டு.

— நீர் சும்மா படும், பிலோமினா. மெட்ரோப் படியிலை நீர் மயங்கி விழுந்ததைப் பாத்தவன் நான். இந்தாரும், இந்த ஜெலியைச் சாப்பிடும்.

— பெட்டியைப் பாத்துக்கொண்டு எனக்கு ஜெலி தீத்தாதேங்கோ. உடுப்பெல்லாம் ஊத்துது. இஞ்சை தாங்கோ.

— டொக்டர் சொன்னது விளங்கினதே? இருமலுக்குத் தந்த குளிசையும், பேந்து வாந்தியை நிப்பாட்டத் தந்த சத்திக் குளிசையும் ஒண்டாச் சேந்துதான் இதயத்தின்ரை தாளத்தைக் குழப்பினதாம். ரெண்டையும் நிப்பாட்டினதோடை சரியாம்.

— ஓம், நாளைக்கு வீட்டை போகலாமாம். மாதாவே எண்டு தப்பினன்.

— ஆனா உமக்குச் சத்தியே வரேல்லையே! ஏன் அந்தக் குளிசை தந்தவை?

— ஏனாம்?

— என்னாலைதான். இருமல் குளிசை போட்டாப்பிறகு நெஞ்சு படபடக்குது எண்டனீர். நான் கிளினிக்கிலை டொக்டருக்குப் பிரெஞ்சிலை எடுத்துவிட்டன், 'மால் ஓ கேர்' எண்டு. கேர் எண்டா இதயம். மால் எண்டா நோவு.

— கேர் எண்டா இதயந்தானே.

— எடி, இப்ப மகள் றொஷினி சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் சொல்லுறாள், வயித்தைப் பிரட்டினாத்தான் இஞ்சத்தைச் சனம் 'மால் ஓ கேர்' எண்டு சொல்லுமாம்!

— அட.

— ரெண்டாயிரத்திலை வந்த நாள் துவக்கம் சென்ட் லோரன்ட் பக்டறியிலை இந்தப் பிரெஞ்சுக்காரரோடைதான் நிக்கிறன். ஒருத்தனும் இதைச் சொல்லித்தரேல்லை.

— அவங்களுக்கு அங்கை வயித்தைப் பிரட்டியிராது.

— பகிடி விடாதையும். உம்மை நானே கொண்டிருப்பன்.

— கொல்லேல்லைத்தானே. கண்ணைத் துடையுங்கோ. டொக்டர் இப்ப வருவார், இந்தமுறை நான் கதைக்கிறன்.

— நீரோ? கோயில் மண்டபத்துப் பிரெஞ்சு வகுப்புக்கு நீர் தேத்தண்ணி குடிக்கவெல்லே போறனீர்!

— 'மால் ஓ கேர்' அங்கை முதல் கிழமையே படிப்பிச்சவை. அண்டைக்குக் கிளினிக்கிலை உங்கடை பிரெஞ்சு நல்லாயிருக்கெண்டு டொக்டர் சொல்லேக்கை, உங்கடை முகத்திலை அப்பிடியொரு சந்தோசம். சத்திக் குளிசைதானே, என்ன செய்யப்போகுதெண்டு விழுங்கிப்போட்டன்.