துடைத்துவைத்த நினைவகம்

எனக்குச் சட்டென்று கோபம் வராது. காபி ஆறிப்போயிருந்தாலும் முகம் சுளிக்காமல் குடித்துவிடுவேன். நீங்கள் கொடுத்த இதையும் குடித்துவிட்டேன், பார்த்தீர்களே. அதனால், ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கம்பெனி வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவிகளைச் செய்கிறது. கரண்ட் வந்ததும் கருவிக்குள் முதலில் கண் விழிக்கும் சின்ன நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். அதுதான் மற்ற நிரல்களைத் தட்டி எழுப்பும். அது எழாவிட்டால் காற்றும் வராது, அபாய மணியும் அடிக்காது. பல வருடம் அதை நான்தான் எழுதிவந்தேன். பிறகு என் தங்கை கணவருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தேன். அவரையே எனக்கு மேலதிகாரியாக்கிவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

மாப்பிள்ளை என் பூட்லோடரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே புதிதாக ஒன்று எழுதினார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் காரணம் சொன்னார்.

"மச்சான் எழுதினது எழுந்திருக்கவே நல்ல நேரம் பாக்குது. அவர மாதிரியேதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் தங்கையும் அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

புது நிரலைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. எமுலேட்டரில் ஓட்டினேன். நிஜச் சிப் இல்லாமலே, கணினிக்குள் அந்தச் சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள் அது. எங்களுடையதை எழுதியவன் நான். அதில் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கரண்ட் போய்க் கருவி பேட்டரிக்கு மாறும்போது சிப் ஓர் இமைப்பொழுது அணைந்து எழும். சிப்பின் நினைவகத்தில் இருந்தது அப்போது பாதி அழிந்தும் அழியாமலும் கிடக்கும். மாப்பிள்ளையின் நிரல் அந்த மிச்சத்தை அப்படியே நம்பியது. நம்பி, ஒன்றுமே இல்லாத இடத்துக்குத் தாவி, அங்கேயே நின்றுவிட்டது. சீக்கிரம் எழ வேண்டுமே என்று சரிபார்க்கும் பகுதியை எடுத்துவிட்டிருந்தார். எப்போதும் நிற்காது, சில தடவைதான்.

சொல்லியிருந்தால் ஒரு காலைப்பொழுதில் சரிசெய்திருப்பார். அதைத் தானே கண்டுபிடித்ததாகவும் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அவர் நிரலைத் தொடவே இல்லை. எமுலேட்டரைத்தான் மாற்றினேன். எப்படி அணைந்து எழுந்தாலும் நினைவகம் துடைத்துவைத்தாற்போல் இருக்கும்படி செய்தேன். நிஜச் சிப்பில் அப்படி இருக்காது. எல்லாச் சோதனைகளிலும் அவர் நிரல் தேறிவிட்டது.

"சுத்தமா இருக்கு மாப்ளே," என்றேன்.

"பாத்தீங்களா மச்சான், உங்க கண்ணுக்கே ஒண்ணும் சிக்கல."

விற்ற கருவிகள் திரும்பி வரும், அவர் பெயர் சந்தி சிரிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முதல் கருவியை அவர் தன் அம்மாவுக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த அம்மாளால் கருவியின் காற்று இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியாது. அந்த வீட்டில் என்னை மனிதனாக மதித்தவரும் அவர் ஒருவர்தான். நான் போனபோது முகமூடியை ஒரு கணம் விலக்கிக் கேட்டார்.

"தம்பி, இத நீ பாத்தியா? நீ பாத்திருந்தா எனக்குப் பயமில்ல."

"நான்தாம்மா பாத்தேன். நிம்மதியா இருங்க."

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஒரு மதியம் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். தங்கை துணி எடுக்க மாடிக்குப் போனாள். நான் அம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போனது. கருவியின் திரை கறுத்தது. அது எழவில்லை, மணியும் அடிக்கவில்லை. எமுலேட்டரில் நான் பார்த்தது அப்படியே நடந்தது.

பொத்தானை அழுத்திப் பிடித்து முழுதாக அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால் எழுந்துவிடும். அது எனக்குத் தெரியும். பொத்தான் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நிஜக் கருவியில் அந்தப் பிழையை நான் அதுவரை பார்த்ததில்லை. அது தானாக எழுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் அவசரப்பட்டு அணைக்கிறவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். பொத்தானை நோக்கி நீட்டினாரா, என்னை நோக்கியா என்று இப்போது யார் சொல்ல முடியும்? அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வயதில், அந்த நேரத்தில், எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ.

தங்கை இறங்கி வந்தபோது நாங்கள் அப்படித்தான் இருந்தோம். "அண்ணன் கடைசிவரைக்கும் கைய விடல," என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

நீங்களோ மாப்பிள்ளையை விசாரித்துவிட்டு, சோதனையில் யார் கண்ணிலும் படாத பிழை என்று முடித்துவிடப் பார்க்கிறீர்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். என் கண்ணில் படாத பிழையா? என் வேலையைப் பற்றி அப்படி ஒரு வரி எழுதப்படுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாப்பிள்ளை இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பெற்ற தாயைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாராம். இருக்கட்டும். அன்று அந்த அம்மாளின் பக்கத்தில் இருந்தவன் நான். அவரைத் தனியாகப் போகவிடவில்லை. அதற்காகவாவது ஒரு நன்றி மாப்பிள்ளை வாயிலிருந்து வந்திருக்கலாம், இன்றுவரை வரவில்லை.