பெட்டியில் பூட்டிய பூட்ஸ்

உப்புக் காற்றில் புதுத் தோல் வாசம் அடித்தால் எனக்கு அந்த மரக்காணம் பஸ் நினைவுக்கு வந்துவிடும். உலகக் கோப்பை நடந்த வருஷம். முன் சீட்டில் உப்பளத் தொழிலாளியும் மனைவியும். அவள் மடியில் கால்பந்து பூட்ஸ்.

“ஜெர்மனி கிளப்பு அகாடமிக்கு ஆள் எடுக்க வந்தவரு, ஒரு மாசம் போட்டுப் பழகுன்னுதானே நம்ம புள்ளைக்குக் குடுத்தாரு? நீ எதுக்குய்யா பெட்டில வெச்சுப் பூட்டுன?”

“உப்புத் தண்ணி பட்டா புதுசு கெட்டுடும்னுதான். செலக்ஷன் அன்னிக்கு நல்ல நேரம் பாத்துப் போட்டுவுட்டேனே!”

“போட்டுவுட்ட! பத்தே நிமிஷத்துல குதிகால் தோல் கிழிஞ்சு நொண்டிக்கினு வந்தான்.”

உப்பளம் வந்தது. அவன் மட்டும் எழுந்தான்.

“நீ எறங்கல?”

“நான் ஆரோவில் போறேன். ஜெர்மன்காரரு இன்னிக்கு வரைக்கும்தான் அங்க இருக்காரு. தப்பு புள்ள மேல இல்ல, அப்பன் மேலன்னு சொல்லி, இன்னொரு தபா ஆட வுடச் சொல்லப்போறேன். நீ எறங்குய்யா.”