இரட்டைக் காவலும் ஒற்றை மாலையும்

தோளில் துண்டையும் தலையில் என் பேச்சையும் பொறுமையாகச் சுமக்கும் தோட்டத் தலைவர் விசுவநாதன் அவர்களே! விடியலில் ரப்பர் மரம் சீவிவிட்டு மாலையில் என் வாயைச் சகிக்க வந்த பெரியோர்களே! சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, குழைந்தால் குழையட்டும் என்று துணிந்து வந்த தாய்மார்களே! நாளை முதல் இங்கே கம்ப்யூட்டர் படிக்கப்போகும் இளஞ்சிங்கங்களே! நம் கோலா சாவா தோட்டத்தின் குறையாத கொசுக்களே! அனைவருக்கும் வணக்கம்.

இப்போது நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவர்கூட நம்பமாட்டீர்கள். இது சத்தியம்.

நம் மயிலம்மாளின் மகள், பேர் பஞ்சாலை, நீலாய் நகரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நெட்வர்க் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை இன்னும் நிரந்தரமில்லை. வெளியுலக இணையத்துக்கும் கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே நிற்கும் காவல்பெட்டிக்கு ஃபயர்வால் என்று பெயர். ஒரு பெட்டி படுத்துவிட்டால்? கம்பெனியே படுத்துவிடும்! ஆகவே இரண்டு பெட்டி வைத்தாள். இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே முகவரி. ஆனால் தனித்தனி கரண்ட், தனித்தனி கேபிள். ஒன்று காவல் காக்கும், மற்றொன்று காத்திருக்கும். நடுவே ஒரு சின்னக் கேபிள். அதன் வழியே காவல் காக்கும் மூத்த பெட்டி ஓயாமல், “நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்” என்று சொல்லும். குரல் நின்றால் இளையது எழுந்து பொறுப்பை ஏற்கும்.

முதலாளி சொன்னார்: “நாளைக் காலை எல்லாரும் வேலை செய்யும்போதே ஒரு பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவேன். ஆபீசில் ஒருவர் ‘ஐயோ’ என்றாலும் உனக்கு வேலையில்லை.”

அன்றோ ஆயுத பூஜை! அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் யார்? நம் அர்ச்சுனன். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து, லிங்கி ஆற்றை இரண்டு சுற்று சுற்றும் நீளத்தில் ஒரே சாமந்தி மாலை சாத்தினார். நடுவே அந்தச் சின்னக் கேபிள் இடித்தது. வெளியே எங்கேயும் போகாத வயர் எதற்கு என்று பிடுங்கிவிட்டார்!

என்ன அர்ச்சுனா, எழுந்துவிட்டாய்?

“புடுங்கல லா, மாமா! ஓரமா ஒதுக்குனேன்!”

ஒதுக்கினாராம்! உட்காருப்பா.

குரல் நின்றது. மூத்தவர் போய்ச் சேர்ந்தார் என்று இளையது அரியணை ஏறியது. மூத்தவரோ சாகவே இல்லை! ஒரே முகவரிக்கு இரண்டு ராஜா! ஒரே கோயிலுக்கு இரண்டு தலைவர் வந்தால் என்னவாகும்? விசுவநாதன் அவர்கள் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். ஜெர்மனிக்குப் போன கடிதம் ரந்தாவ் மாரியம்மன் கோயிலில் இறங்கியது! போர்ட்டிக்சன் கடலில் கப்பல்கள் பின்பக்கமாக ஓடின! யானைக்குக் கையுறை கேட்டு ஆப்பிரிக்காவிலிருந்து ஆர்டர் வந்தது!

காலையில் பஞ்சாலை வந்தாள். இணையம் வரவில்லை என்று ஆபீஸ் முழுக்க ஒரே கூச்சல். முதலாளியின் கார் வாசலில் நுழைகிறது. அழுதாளா? ஓடினாளா? இல்லை. அறைக்குள் போய் விளக்குகளைப் பார்த்தாள். இரண்டு பெட்டியுமே ‘நானே காவல்’ என்று பச்சையாக எரிந்தன. காத்திருக்க ஆளே இல்லை. மாலையை மெல்ல விலக்கினாள், கேபிள் தொங்கியது.

“அண்ணே, இது என்னாண்ணே?”

“சாமிக்கு எடஞ்சலா இருந்துச்சும்மா.”

திட்டவில்லை. கேபிளை மாட்டினாள். இளையது இறங்கி வழிவிட்டது. ஒன்று கழன்றாலும் குரல் நிற்காதபடி பக்கத்திலேயே இரண்டாவது கேபிளும் மாட்டினாள். மாலையைச் சுவரில் தொங்கவிட்டாள்.

முதலாளி வந்தார். மூத்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். காது கொடுத்துக் கேட்டார். வெளியே தட்டச்சுச் சத்தம் நிற்கவில்லை. யாரோ கோப்பையில் கோப்பி கலக்கினார்கள்.

“என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே?”

“அதுக்குத்தான் சார் ரெண்டு பெட்டி.”

தோழர்களே! நாம் நன்றாக இருக்கிறோம் என்பதையே அறியாமல் நாம் நன்றாக இருப்பதற்கு, எங்கோ ஓர் அறையில் ஒருத்தி உழைக்கிறாள். ஒன்றுமே நடக்காத நாளுக்கு யார் மாலை போடுவார்? நாம் போடுவோம்! பஞ்சாலை, மேடைக்கு வாம்மா. நாளை முதல் இந்த வகுப்பை நடத்தப்போகிறவள் இவள்தான்.

யானை என்னுடையது. கப்பலும் என்னுடையது. அர்ச்சுனன் மாலை முழம் கணக்குத்தான். ஆனால் பிளக்கைப் பிடுங்கினார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. அது மட்டும் உண்மை. பொறுமைக்கு நன்றி, சோற்றுக்கு என் அனுதாபம், அனைவருக்கும் வணக்கம்.