அத்தானின் ரத்தப் பரிசோதனை

"அத்தான், ஒங்க ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம் லா!"

மலேசியாவில், மூவார் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஒரு பெண் கைபேசியைக் காட்டிக் குதித்தாள். அவள் பக்கத்தில் நின்ற அத்தான் அன்னாசிப் பையைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

"அலமாக்! அப்ப கட்டிக்கலாமா?"

"கட்டிக்கலாம்! ஒடம்பு செல்லுக்குள்ள கொழுப்பப் புடிச்சுக் கரைக்கக் குடுக்குற புரோட்டீன் என் தம்பிக்கு இல்லல்ல? அந்தக் கொறை எங்கிட்டயும் ஒளிஞ்சிருக்கு. சொந்தத்துல கட்டுறோம், ஒங்ககிட்டயும் இருந்தா பிள்ளைக்கு வந்துடலாம்னுதானே டாக்டர் பயந்தாங்க? ஒங்ககிட்ட இல்ல!"

அவர் குனிந்து அன்னாசிகளைப் பொறுக்கினார்.

"தம்பிக்குச் சொல்லிட்டியா?"

"மொத ஆளா அவனுக்குத்தான். மாப்பிள்ளைத் தோழனா அவன்தான் வருவானாம். ஆனா அவனோட வீல்சேருக்கும் பட்டு வேட்டி கட்டிவிடணுமாம்!"