சீலோ அறிக்கையின் ஐந்தாம் பந்தி

கையெழுத்து கடைசியில வைக்கிறன் பிள்ளை. முதல் உந்த அறிக்கையில இருக்கிற பிழையளைத் திருத்துவம். சிவப்புப் பேனைதான், பயப்பிடாதேங்கோ. யாழ்ப்பாணத்தில பதினொரு வருசம் கணக்குப் படிப்பிச்ச கை. பிழையைக் கண்டால் தானாய் ஓடும்.

சுபானி எண்டனீங்கள் என்ன? இந்த வெளிநாட்டில, பழங்கட்டடம் காக்கிற கந்தோரில இருந்து ஒரு தமிழ்ப்பிள்ளை எங்கட தானியம் சேமிக்கிற சீலோக் கோபுரத்தைப் பற்றிக் கேக்க வருமெண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

முதலாம் பந்தி. கோபுரம் கட்டினது முப்பத்தொன்பதில இல்லை, முப்பத்தாறில. வாசலுக்கு மேல கொத்தியிருக்கு. உதை எழுதின உங்கட பேராசிரியருக்குக் கழுத்து நோவோ?

இரண்டாம் பந்தி. தானியம் தன்பாட்டில மேல ஏறேல்லை. ஆரம்பத்தில மூட்டையை முதுகில சுமந்துதான் ஏறினவை. பிறகுதான் வாளிச் சங்கிலி வந்தது. கீழ கோதுமையை அள்ளி, உச்சியில கொட்டிப்போட்டு, வெறுமையாய் இறங்கும். இருநூற்றுப் பதினாலு வாளி. ஓம், எண்ணினனான்.

மூண்டாவது. ஈரம் அளந்தது ஒரு பணியாளராம். அவளுக்குப் பேர் இல்லையோ? மகாதேவி எண்டு எழுதுங்கோ. இருபத்திரண்டு வருசம். பதினாலரை வீதத்துக்கு மேல ஈரமெண்டால் மேயரின்ர கோதுமையையும் திருப்பி அனுப்பினனான். மனுசன் இப்பவும் என்னைக் கண்டால் றோட்டுக்கு மற்றப் பக்கம் மாறிப் போறவர்.

நாலாவது சரி. ஆச்சரியம்தான்.

ஐந்தாவது... வாசிச்சனான். உச்சியில மோட்டருக்குப் பின்னால கண்டெடுத்த கூம்பு உருண்டை. தலையில கோதுமைத் தாள். உலகப் போருக்கு முந்தின விவசாயியின் அறுவடைப் படையலாம். உது ஒண்டுக்காகத்தான் கோபுரத்தை விட்டுவைக்கப் போகினமோ? உது இல்லாட்டி? வெள்ளிக்கிழமையே இடிப்பினமோ. ம்ம். இடிக்கக் கூடாதெண்டு வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கினதும் நான்தான் பிள்ளை.

இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி? வேண்டாமோ.

தொண்ணூற்றெட்டில அறுவடை நேரம் ஒரே மழை. சங்கிலி மூண்டுதரம் நிண்டுபோச்சு. வாசலில முப்பது உழவுமெசின் வரிசையாய் நனையுது. மெக்கானிக் தன்னால ஏலாதெண்டு கையை விரிச்சிட்டார். நான் சாப்பாட்டு நேரத்தில நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினனான். அரை மணித்தியாலத்தில சங்கிலி ஓடிச்சுது. அந்தச் சந்தோசத்தில, பிறகு எடுத்துத் தண்ணியில கரைக்க மறந்துபோனன்.

ஹம் நகரத்துத் தமிழ்க்கடையில வாங்கின மஞ்சள்தூள்தான் அது, பிள்ளை. அறுகம்புல்லு கிடைக்கேல்லை, கோதுமைத் தாளைக் குத்தினனான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியிறது கேள்விப்பட்டிருக்கிறன். பேராசிரியரின்ர கண்டுபிடிப்பாய் முடிஞ்சது இப்பதான்.

ஏன் உங்கட பேனையை மூடுறீங்கள்? பிழையைத் திருத்தச் சொன்னனானே தவிர, பந்தியை வெட்டச் சொல்லேல்லை. அறுவடை, சரி. படையல், அதுவும் சரி. போருக்கு முந்தின விவசாயி எண்டதை மட்டும் அடிச்சுப்போட்டு, போரால வந்த தொழிலாளி எண்டு எழுதுங்கோ.

எழுதியாச்சோ? இப்ப தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்.