பதினோரு பேர் பார்த்த சுற்றறிக்கை

கொஞ்சம் இருங்க தோழர்களே... நம்ம சங்கக் கூட்டம் முடியறதுக்குள்ள சின்னதா ஒரு கதை சொல்லிடறேன். மேடையில இருக்குற அதிகாரிகளும் செல்போனைக் கீழ வச்சுட்டுக் கேக்கணும்.

ஒரு தாலுகா ஆபீஸ். சான்றிதழ் குடுக்குற முறையை மாத்தினாங்க. அதுக்கு ரெண்டு நாள் பயிற்சி. யாரை அனுப்பினாங்க? ஜன்னல்ல உக்காந்து மனு வாங்குற செண்பகவல்லியையா? அவங்க போனா வேலை நின்னுடுமே! அதனால வடுகநாதனை அனுப்பினாங்க. ஏன் அவரு? அவரு இல்லேன்னா எதுவும் நிக்காது... அந்த வாரக் கடைசியில அவருக்கு ரிட்டையர்மென்ட்!

மனுஷன் ஒழுங்காக் கத்துக்கிட்டுத்தான் வந்தாரு. தாசில்தார் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "சாப்பாடு எப்படி?" நல்லாருந்துச்சுன்னாரு. அவ்வளவுதான்... மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

பின்னாலேயே ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இனி வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டாம்னு. மேசை மேசையாப் போச்சு. பதினோரு பேரும் 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம்... பீரோவுக்குள்ள போயிடுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு, பரிபூரணம்னு ஒரு அம்மா, மகளைக் கட்டணச் சலுகையில காலேஜ்ல சேக்க அந்தச் சான்றிதழ் கேட்டு வந்தாங்க. செண்பகவல்லி, வி.ஏ.ஓ. கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வி.ஏ.ஓ., அது இப்ப என் வேலையே இல்லேன்னாரு. மறுபடி இங்க... மறுபடி அங்க... நாலாவது தடவை வந்தப்ப அந்த அம்மா சத்தம்கூடப் போடல. "காலேஜ்ல சேர்ற தேதி நேத்தோட முடிஞ்சிருச்சும்மா. இனி வேண்டாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

விஷயம் தாசில்தாருக்குப் போச்சு. பீரோவைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்தாரு. "இது உங்க கையெழுத்துதானே?"

செண்பகவல்லி சொன்னாங்க, "ஆமா சார். போடச் சொன்னீங்க, போட்டேன். படிக்க இன்னிக்குத்தான் குடுக்குறீங்க."

அன்னிக்கே அவங்களுக்கு மெமோ! விஷயத்தை எடுத்துச் சொல்ல ரெண்டு மாசமா ஆள் இல்லாத ஆபீஸ்ல, மெமோ குடுக்க ரெண்டு நிமிஷத்துல ஆள் வந்துச்சு.

ஊழியருக்கு வேலையில திருப்தி இல்லேன்னு கணக்கெடுக்குறீங்களே... எப்படிய்யா இருக்கும்? கத்துக்குடுக்க மாட்டீங்க, வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்க, திட்ட மட்டும் தெரியும்னா, எவனுக்கு மனசு ஒட்டும்? கைதட்டாதீங்க தோழர்களே... படிக்காமக் கையெழுத்துப் போடற கை நம்ம கைதான். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன், வெக்கமா இருக்கு.

அந்தப் பொண்ணு இந்த வருஷம் காலேஜுக்குப் போகல. அவ வீட்டுக்குப் போயி, தப்பு எங்களதும்மான்னு சொல்ல... நம்மள்ல யாரு கிளம்பப் போறோம்?