இம்பாண்டரபிளுக்குத் தேங்காய் உடைக்கலாமா?

"இம்பாண்டரபிள்னா சம்மதமா, இல்லையா?"

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் மாமி கேட்டார். கரமனையில் ஏறிய தம்பதி. மாமியின் மடியில் தேங்காய்ப் பை, மாமாவின் கையில் போன்.

"ரெண்டு பேரும் ஒத்துப்போவாளாங்கறது இம்பாண்டரபிள்னு பையனோட அப்பா எழுதியிருக்கார். டிக்ஷனரியில பாத்தேன். கணக்குப் போட்டுச் சொல்ல முடியாததுன்னு அர்த்தமாக்கும்."

"ஜாதகம் பாத்து, பத்துப் பொருத்தமும் இருக்குன்னு அவரேதானே சொன்னார்? இன்னும் என்ன கணக்கு பாக்கி?"

"அதான் எனக்கும் புரியலை. காலேஜ்ல இங்கிலீஷ் எடுத்தவர். சரி, வேண்டாம்னு ரெண்டுல ஒண்ணு எழுதப்படாதோ?"

"அவா சம்மதிச்சா பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கறேன்னு வேண்டிண்டிருக்கேன். இதுக்கு உடைக்கணுமா, வேண்டாமா? சொல்லுங்கோ."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அதே செய்தியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நம்ம பொண்ணு என்ன சொல்றா?"

"அவகிட்ட நீங்க கேட்டிருப்பேள்னு நெனச்சேன்."

"நீ கேட்டிருப்பேன்னு நான் நெனச்சேன்."

"பழவங்காடி, பழவங்காடி" என்று கண்டக்டர் கூவினார். இருவரும் எழுந்திருக்கவில்லை.